பச்சை நூலில் தைத்த பொத்தான்

"அது நான் எழுதின கதை."

அன்று வாசிகசாலையில் நான் சொல்லாமல் விட்டது இதைத்தான். நான்கு சொற்கள். சொல்வதற்கு நேரமும் இருந்தது. மேசைக்கு இந்தப் பக்கம் நீயும் நானும் நின்றோம், அந்தப் பக்கம் அவர்கள் மூன்று பேர். அந்த மனிதர் "ஆரு இந்த நீர்முள்ளி?" என்று கேட்டார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் இரண்டு வில்லையையும் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டார். அவ்வளவு நேரம் இருந்தது. நீ வாயைத் திறந்தாய். நான் திறக்கவில்லை.

நான்கு வருடமாக இதை எழுதாமல் இருந்தேன். இன்று எழுதவைத்தது ஒரு வாடை. செங்கலடிக்கு உள்ளே ஒரு சின்னப் பாடசாலையில் நான் இப்போது தொண்டர் ஆசிரியை. காலையில் தவணைப் பரீட்சைத் தாள்கள் வந்தன. கட்டை அவிழ்த்ததும் ரோனியோ அச்சு மையின் வாடை முகத்தில் அடித்தது. காயாத மை, விரலெல்லாம் கறுத்துப் போயிற்று. ஒன்பதாம் வகுப்புத் தமிழ்த் தாளில் ஒரு சிறுகதைப் பகுதியைத் தந்து கீழே கேட்டிருந்தார்கள்: இக்கதையில் வரும் சிறு விவரங்கள் தாயின் பாத்திரத்தையும் கதையின் கருப்பொருளையும் வளர்க்க எவ்வாறு துணைசெய்கின்றன? உதாரணம் தந்து விளக்குக. பதினைந்து புள்ளி.

கேள்விகளை உரத்து வாசித்துக் காட்டுவது எங்கள் வழக்கம். அந்தக் கேள்வியில் நின்றுவிட்டேன் போலிருக்கிறது.

"ரீச்சர், என்ன ரீச்சர்?" என்று முன்வாங்குப் பிள்ளை கேட்டாள்.

"ஒண்டுமில்ல. எழுதுங்க."

இந்தக் கேள்விக்குப் பதினைந்து புள்ளியும் வாங்கக்கூடிய இரண்டு பேரை எனக்குத் தெரியும். ஒன்று நீ. மற்றவர் அந்த மூக்குக் கண்ணாடிக்காரர்.

*

நான் உன்னிடம் முதல் முதல் காட்டிய கதை உனக்கு நினைவிருக்கும். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போன முதல் வருடம். கணவனை இழந்த ஒரு பெண்ணின் கதை. "நிலவும் அவளோடு சேர்ந்து அழுதது" என்று முடித்திருந்தேன். அந்த வரியை எழுதிவிட்டு எனக்கே கண் கலங்கியிருந்தது. நீ கன்ரீன் வாங்கில் இருந்து அதை வாசித்தாய். கையில் சிவப்புப் பேனா.

"நிலவு அழுததா?"

"ஓம். அவள்ட துக்கத்தக் காட்டுறத்துக்கு."

"நிலவுக்குத் துக்கம் எண்டா நிலவப் பத்தி எழுது. இந்தப் பொம்புளைக்குப் புருஷன் செத்து மூணு நாள். மூணாம் நாள் விடியக்காலம் அவள் என்ன செய்தாள்?"

"அழுதாள்."

"எல்லாரும்தான் அழுவாங்க கா. இவள் பல்லு விளக்கினாளா? விளக்கக்குள்ள அவன்ட பிரஷ் பக்கத்தில கிடந்திச்சா?"

சரி என்று பட்டது. கோபமும் வந்தது. வீட்டுக்குப் போய்க் கதையைக் கிழித்துவிட்டு, ஒரு தகர டப்பாவில் கிடக்கும் இரண்டு பல் பிரஷைப் பற்றி எழுதினேன். அதில் பாதியைத்தான் நீ வெட்டினாய். வெட்டிவிட்டுச் சொன்னாய்: "கருவச் சொல்லாத. ஒரு சாமானத் தா. மிச்சத்த அது சொல்லும்."

இலக்கிய உத்தி என்று விரிவுரையில் எங்களுக்கு நீண்ட பட்டியல் எழுதித் தந்தார்கள். உவமை, உருவகம், குறியீடு, முரண். நீ அதை ஒழுங்காகக் குறித்துக்கொள்வாய், பரீட்சையில் ஒழுங்காக எழுதுவாய், வெளியே வந்ததும் சிரிப்பாய். குறியீட்டில்தான் உனக்கு மிகுந்த வெறுப்பு. "குறியீடு எண்டுறது யோசிச்சு வைக்கிற சாமான். விளக்கு அணைஞ்சா சாவு, கதவு திறந்தா விடுதலை. இதுக்கு ஒரு ஆளும் வீட்டுக்குள்ள போய்ப் பாக்கத் தேவல்ல. விவரம் அப்பிடி இல்ல. அத யோசிச்சு எடுக்க ஏலா. கண்டாத்தான் எழுதலாம்."

இந்தக் கடைசி வரியை நான் திரும்பவும் ஒருதரம் கேட்டேன், வேறு ஒரு வாயிலிருந்து. அதற்கு வருகிறேன்.

செங்கலடிச் சந்தியில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது நாங்கள் ஒரு விளையாட்டு விளையாடுவோம். ஒருத்தி ஒரு ஆளிடம் ஒரு விவரத்தைப் பிடிக்க வேண்டும், மற்றவள் அதிலிருந்து ஆளைச் சொல்ல வேண்டும். ஒருநாள் ஒருவர் பன்புல் பைக்குள் ஒரு சேவலை வைத்துக்கொண்டு நின்றார். சேவலின் கண்ணை லேஞ்சித் துணியால் கட்டியிருந்தார்.

"சொல்லு," என்றேன்.

"பாவம் பாக்கிற மனுஷன். இவர் பெண்சாதிக்குக் கை நீட்ட மாட்டார்."

சொல்லி வாய் மூடவில்லை, அந்த மனிதர் காலடியில் வந்த குட்டி நாயை எட்டி உதைத்தார். அது கத்திக்கொண்டு கடைக்குள் ஓடியது. நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "பிழைச்சுப் போச்சு மச்சாள். விவரத்தில பிழையில்ல. நான்தான் பிழையா வாசிச்சிட்டன்."

எங்கள் இருவருக்கும் ஒரே புனைபெயர் வைத்ததும் நீதான். வாசிகசாலை மலரில் அந்த நாளில் யாரும் சொந்தப் பெயரில் எழுதுவதில்லை. எழுதினால் எந்தப் பக்கத்திலிருந்து யார் வந்து என்ன கேட்பார்கள் என்று தெரியாது. வாவிக்கரைச் சேற்றில் நிற்கும் நீர்முள்ளியைப் பிடுங்கப் போய் நீ கையைக் கிழித்துக்கொண்ட அன்று அந்தப் பெயரைக் கண்டுபிடித்தாய். "ரெண்டு பேருக்கு ஒரு பேர் நல்லம். பிடிச்சாங்க எண்டா ஆரப் பிடிக்கிற எண்டு குழம்பிப் போவாங்க." அதற்கும் சிரித்தோம். வாசிகசாலைச் செயலாளர் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு எங்கள் கதைகள் பற்றி வேறு முறைப்பாடு. "புள்ளையள், இந்த முறையாவது முள்ளிட கதையில ஒருத்தராவது சிரிக்கட்டும். போன மலர வாசிச்சிட்டு என்ட பெண்சாதி அண்டைக்குச் சோறு ஆக்கல்ல."

*

உன் அண்ணா கட்டாரில் இருப்பதாகத்தான் எல்லோருக்கும் சொல்லியிருந்தீர்கள். இராணுவ முகாமில் குடும்ப விவரத்திலும் அப்படித்தான் பதிந்திருந்தது. எங்கள் ஊர்களில் பாதிப் பெடியன்கள் அப்படித்தான் வெளிநாட்டில் இருந்தார்கள், சிலர் உண்மையாகவும். நான் ஒருநாளும் கேட்டதில்லை. வெளிநாட்டுக் கடிதம் ஒன்றும் உங்கள் வீட்டில் கண்டதில்லை என்பதை மட்டும் மனதில் வைத்திருந்தேன். நீ பழக்கிய கண் அது, பார்க்காமல் இருக்க அதற்குத் தெரியாது.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் உங்கள் வீட்டில் எனக்குச் சாப்பாடு. வாவியில் அன்று பிடித்த கொடுவா. உன் அப்பா முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். சின்ன மனிதர், உன் தோள்மட்டுக்குத்தான் வருவார். உன் அம்மா, நான் மாமி என்று கூப்பிடுபவர், முருங்கையடியில் இருந்து ஒரு வெள்ளைச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார், பச்சை நூலால்.

நான் பார்ப்பதைக் கண்டு மாமியே சொன்னார். "வெள்ள நூல் முடிஞ்சிற்று மனே. கடையும் மூணு நாளாப் பூட்டு. கிடக்கிறதால தச்சாலும் விழாதுதானே."

தைத்து முடித்து நூலைப் பல்லால் கடித்தார். நூல் அறுந்தது. வாயை உடனே எடுக்கவில்லை. சட்டையில் முகத்தை வைத்தபடி கொஞ்சம் அப்படியே இருந்தார். பிறகு எழும்பி, சட்டையை அலம்பி, கொடியில் இரண்டு சேலைகளுக்கு நடுவே போட்டார். காற்று சேலையை விலக்கிய நேரம் பார்த்தேன். பக்கத்தில் உன் அப்பாவின் சட்டை ஒன்றும் தொங்கியது. அதைவிட இது ஒரு சாண் பெரியது.

நீ என்னைப் பார்த்தாய். "அப்பாட," என்றாய்.

உன் அப்பா தலையை நிமிர்த்தினார், திரும்ப வலையில் குனிந்தார்.

"ஓம்," என்றேன்.

அது ஒரு ஒப்பந்தம். நீ சொல்லாமல் சொன்னாய், நான் கேளாமல் ஏற்றுக்கொண்டேன். எனக்கு நீ தந்தவற்றில் பெரியது அந்த ஒரு சொல்தான் என்று இப்போது நினைக்கிறேன். அன்று நினைக்கவில்லை. அன்று சைக்கிளில் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நான் நினைத்தது அந்த நூலைப் பற்றி.

மூன்று நாளில் எழுதி முடித்தேன். கெட்டிக்காரத்தனமாக எழுதியதாக எண்ணினேன். பெயர்களை மாற்றினேன். வீட்டைத் தூக்கி அக்கரையில், படுவான்கரையில் வைத்தேன். உன் அப்பாவை வண்டிக்காரராக்கினேன். முருங்கையைப் புளியாக்கினேன். கொடுவாவைக் கருவாடாக்கினேன். மகள் ஒருத்தி இருந்தால் கதை நீளும் என்று உன்னை எடுத்துவிட்டேன். ஒரு வேளைச் சோற்றுக்கு வந்து, போட்டிருந்த சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுப் போகும் மகன், அதைத் தைத்துக் கழுவிக் காயப்போடும் தாய், அவ்வளவுதான் கதை. மாற்றாமல் விட்டவை மூன்று: பச்சை நூல், ஒரு சாண், வாயை எடுக்காமல் இருந்த அந்தக் கொஞ்ச நேரம். இவற்றை மாற்றினால் கதை செத்துப்போகும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அந்தத் தாய் யார் என்பதை அந்த மூன்றும்தான் சொல்லின. பெயரை மாற்றினால் ஆள் மறைந்துவிடும் என்று நம்பியது எவ்வளவு பேதைத்தனம்! ஒரு ஆளை ஆளாக்குவது பெயரல்ல என்று எனக்கு மூன்று வருடமாக நீ படிப்பித்துக்கொண்டிருந்தாய்.

அந்தக் கிழமை உனக்கு மலேரியா. மலரை அச்சடிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. உன்னைப் பார்க்க வந்தபோது மூன்று போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்தாய்.

"மலருக்கு எந்தக் கதையக் குடுத்த?"

"பழசுதான். ஓடக்காரன்ட கதை."

"அது நல்லம். இந்த முறைக்கு அது போதும்." கண்ணை மூடினாய். "முந்தநாள் சுத்திவளைப்பு. வீட்டுக்குள்ளயும் வந்தாங்க."

"என்ன கேட்டாங்க?"

"வழமைதான்," என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாய்.

கொடியில் சட்டையைக் கண்டு ஒருவர் மாமியிடம் யாருடையது என்று கேட்டதை நீ சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே ஸ்டென்சிலைக் கிழித்திருப்பேன். இப்படி உன்மேலும் கொஞ்சம் பங்கு போடப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. மன்னித்துக்கொள்ளாதே. பொய் சொன்னது நான். ஓடக்காரன் கதை என் பைக்குள்தான் கிடந்தது. செயலாளர் அண்ணனின் தட்டச்சில் ஸ்டென்சில் வெட்டியவள் நான். அதை வெளியே எடுக்க இன்னும் இரண்டு நாள் இருந்தது. ஏன் எடுக்கவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். நான் அதுவரை எழுதியதில் உருப்படியானது அது ஒன்றுதான். நீ வெட்ட முடியாத ஒரு கதையை அச்சில் உனக்குக் காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஒரு தடவையாவது உன் சிவப்புப் பேனா மூடியோடு கிடக்க வேண்டும்.

மலர் வெளியிடக் கூட்டம் வைப்பதென்றால் முகாமில் அனுமதி எடுக்க வேண்டும், அச்சடித்தது எதுவானாலும் இரண்டு பிரதி கொடுக்க வேண்டும். மை காயாத இரண்டு பிரதியைக் கடித உறையில் வைத்து நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கியவர் "கதை எல்லாம் இரிக்கா?" என்று கேட்டார். "ஓம்" என்று கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.

*

இரண்டு நாள் கழித்து நீ வாசிகசாலைக்கு வந்தாய். காய்ச்சல் விட்டிருந்தது, தோளைச் சுற்றித் துவாய் போர்த்தியிருந்தாய். செயலாளர் அண்ணன் கதிரைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். நீ மலரை எடுத்து, நின்றபடியே புரட்டினாய். நான் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் விரல் ஒரு வரியில் நின்றது. பிறகு நகரவில்லை.

"நல்லா எழுதி இரிக்காய்," என்றாய்.

மூன்று வருடம் நான் காத்திருந்த சொல் அது. உன் குரலில் கோபம்கூட இல்லை.

"முகாமுக்குப் போற ரெண்டு பிரதியும்?"

"முந்தநாள் குடுத்தாச்சு."

"ஆரு கொண்டு போன?"

"நான்தான்."

மலரை மூடினாய். "வா சுறுக்கா வீட்ட போவம். அந்தச் சட்டைய..." அதற்குள் படலையடியில் ஜீப் வந்து நின்றது.

சீருடையில் இரண்டு பேர், சீருடை இல்லாமல் ஒருவர். நாற்பது வயதிருக்கும். எங்களைப் போலத்தான் தமிழ் பேசினார். கையில் எங்கள் மலர். பென்சிலால் அங்கங்கே அடிக்கோடு போட்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். நீ கோடு போட்டிருக்கக்கூடிய இடங்கள்தான் எல்லாம்.

"ஆரு இந்த நீர்முள்ளி?"

கண்ணாடியைத் துடைத்தார். போட்டுக்கொண்டார்.

"நான்தான் சேர்," என்றாய்.

செயலாளர் அண்ணன் என்னைப் பார்த்தார். ஸ்டென்சில் வெட்டியது யார் என்று அவருக்குத் தெரியும். பிறகு குனிந்து கதிரையைத் துடைத்தார்.

"வடிவா எழுதி இருக்கீங்க தங்கச்சி. நானும் வாசிக்கிற ஆள்தான். இது ஆருட வீடு?"

"கற்பனை சேர்."

"இந்தச் சட்டை?"

"எங்கட அப்பாட சட்டையப் பாத்து எழுதின. கதைக்காக மகன்ட எண்டு மாத்தினன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. வெளியாள் ஒருத்தி எழுதினால் அது சாட்சி. அந்த வீட்டு மகளே எழுதினால் கற்பனை என்று வாதாடலாம். அந்த ஒரு கண்ணாடி துடைக்கும் நேரத்தில் நீ இவ்வளவையும் யோசித்திருந்தாய்.

"போன கிழமை உங்கட கொடியில நானும் கண்டன்," என்றார். "அம்மாவும் அப்பாட எண்டுதான் சொன்னா." பக்கத்தைப் புரட்டி நிதானமாக வாசித்தார். "'தகப்பனின் சட்டையைவிட அது ஒரு சாண் பெரியது.' உங்கட அப்பாவயும் அண்டைக்குக் கண்டன் தங்கச்சி. சின்ன மனுஷன்."

"அது குறியீடு சேர்."

"என்னத்துக்கு?"

"இல்லாத ஆள்ட இடம் வீட்டுக்குள்ள பெரிசாத் தெரியும். அதுக்காகச் சட்டையப் பெரிசாக்கினன்."

குறியீட்டைப் பார்த்துச் சிரித்த நீ, விரிவுரையாளர் மாதிரி நின்று அதற்கு விளக்கம் சொன்னாய். குரல் நடுங்கவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது, அந்த நேரத்திலும் நல்ல விடை என்று ஒரு நொடி நினைத்தேன். அவருக்கும் பிடித்திருக்க வேண்டும். புள்ளி போடுகிற ஆசிரியர் மாதிரித் தலையை ஆட்டினார்.

"சரி. சாண் குறியீடு. பச்சை நூல்?"

நீ துவாய் நுனியைப் பிடித்தாய்.

"குறியீடு எண்டா ஒரு விளக்க எடுப்பாங்க, ஒரு கதிரைய எடுப்பாங்க. வெள்ளைச் சட்டைக்குப் பச்சை நூல ஆரும் யோசிச்சு எடுக்க மாட்டாங்க. அது கண்டாத்தான் எழுதலாம்."

உன் வரி. ஏறக்குறைய அதே சொற்கள். என் கதையை இவ்வளவு கவனமாக வாசித்த வாசகர் எனக்கு அதற்கு முன்னும் வாய்க்கவில்லை, பின்னும் வாய்க்கவில்லை.

"அண்ணன் எங்க?"

"கட்டாரில."

"ஓம், பதிஞ்சிரிக்கி. வாங்க, கொஞ்சம் விசாரிச்சுப் போட்டு விடுறம்."

படலைக்குப் போகும்போது நீ என் கையில் உன்னுடைய பிரதியை வைத்தாய். "கடைசி வரி வேணாம் மச்சாள். அத வெட்டிப் போடு. பொத்தானோட கதை முடிஞ்சுது." அவர்கள் காதில் அது ஒருத்தி தன் கதையைப் பற்றித் தோழிக்குச் சொல்லும் வார்த்தை. யாருடைய கதைக்கு யார் சொன்ன திருத்தம் என்று எனக்குத் தெரியும். துவாய் தோளிலிருந்து நழுவியது. நீ அதைச் சரியாகப் போர்த்திக்கொண்டு ஏறினாய்.

*

உன் பொய்யை உடைக்கக் கூடாது என்றுதான் வாய் திறக்கவில்லை என்று நெடுநாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். நல்ல காரணம். நான்தான் எழுதினேன் என்றிருந்தால் அது சாட்சியாகியிருக்கும், மாமி சொன்னதும் பொய்யாகியிருக்கும். ஆனால் பச்சை நூலில் நீ பேச்சற்று நின்ற பிறகு காப்பாற்ற ஒரு பொய்யும் மிச்சமிருக்கவில்லை. அதற்குப் பிறகும் நான் பேசவில்லை. அந்தக் காரணத்தை நான் கண்டுபிடித்தது இரண்டு கிழமை கழித்து. அன்று மேசையருகே என்னிடம் இருந்தது பயம் மட்டும்தான்.

அந்தக் கடைசி வரியை வெட்டிவிட்டேன். "அடுத்த முறை அவன் வரும்போது சட்டை காய்ந்திருக்கும் என்று அந்தத் தாய் நம்பினாள்" என்ற வரி. சவர பிளேட்டால் என் பிரதியிலிருந்து அறுத்தெடுத்தேன். நீ சொன்னது சரி, இல்லாமலே கதை நிற்கிறது. அதற்குப் பிறகு நான் கதை எழுதவில்லை. பார்ப்பதை மட்டும் நிறுத்த முடியவில்லை. பஸ்ஸில் ஒருவரின் செருப்பு வாரில் ஊசி குத்தியிருந்தால் கண் அங்கேதான் போகிறது. உடனே யன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

போன ஆடியமாவாசைக்கு அமிர்தகழியில், மாமாங்கத் தீர்த்தக் குளத்தடியில், மாமியைக் கண்டேன். எல்லோரும் செத்தவர்களுக்காக முழுகிக்கொண்டிருந்தார்கள். மாமி முழுகவில்லை. படிக்கட்டில் காய்ந்த சேலையோடு இருந்தார். உன் அப்பா இப்போது வாவிக்குப் போவதில்லையாம். உன் அண்ணாவும் அதற்குப் பிறகு வரவே இல்லை, இருக்கிறாரா என்றும் தெரியாது.

"ஆருக்கெண்டு முழுகச் சொல்லுறாய் மனே?" என்றார். பிறகு, நான் கேட்காமலே, "அவளில எனக்குக் கோவம் ஆறல்ல. சொந்த அண்ணன்ட சட்டையக் கொண்டு போய்க் கதையில போடலாமா? பெத்தவள் தைக்கிறதப் பாத்து எழுதினாளே, அத எழுதினா என்ன வரும் எண்டு தெரியாதா? படிச்ச புள்ளதானே அவள்."

உன் கொப்பிகளையெல்லாம் அடுப்பில் போட்டுவிட்டாராம். சிவப்புப் பேனாவையும்.

நான் பக்கத்தில் இருந்தேன். குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "கடலை வாங்கிட்டு வாறன் மாமி" என்று எழும்பிப் போனேன்.

இன்று பின்னேரம் விடைத்தாள்களைத் திருத்தினேன். முப்பத்தொரு பிள்ளைகள். தாயின் அன்பைக் காட்டுகிறது, பிரிவைக் காட்டுகிறது, ஏழ்மையைக் காட்டுகிறது என்று நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள். அந்த விவரம் யாருடைய வீட்டிலிருந்து எடுக்கப்பட்டது என்று ஒருவரும் எழுதவில்லை. கேள்வியிலும் அது இல்லை.

அன்று ஜீப் போனதும் நான் உங்கள் வீட்டுக்கு ஓடினேன். உன்னைக் கொண்டுபோய்விட்டார்கள், கதையில் ஒரு சட்டை வந்துவிட்டது என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. மாமி சட்டையைப் பெட்டிக்குள்ளிருந்து இழுத்து அடுப்பில் வைத்தார். பொத்தான்கள் உருகிப் புகைந்தன. அதைத் தேடி ஒருவரும் வரவில்லை, அவர்களுக்குக் கதையே போதுமாக இருந்தது. மாமியும் மாமாவும் முகாமுக்குப் போனார்கள். நான் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்று மணிபோல் திரும்பி வந்தார்கள். அப்படி ஒருவரையும் அங்கே கொண்டுவரவில்லை என்று சொல்லிவிட்டார்களாம். மாமா உள்ளே போய்விட்டார். மாமி என் முன்னால் நின்றார்.

"அந்தக் கதைய ஆரு மனே எழுதின?"

"அவள்தான் மாமி," என்றேன்.